வெயில் கொல்லும் விதம்

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத் நகரில் 4,462 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் மே, அடுத்த ஆண்டின் மே இரண்டையும் எடுத்துச் சராசரி பார்த்தால் 3,118 வருகிறது. ஒரே மாதத்தில் 1,344 உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கின்றன. கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. வெள்ளமோ நிலநடுக்கமோ வரவில்லை. வெயில் கொளுத்தியது. மே 21 அன்று வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

ஒரு கட்டடம் இடிந்து பத்துப் பேர் இறந்தால் ஊரே கூடிவிடும். வெயிலில் ஆயிரம் பேர் இறந்தால் அப்படி யாரும் கூடுவதில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், அவரவர் கட்டிலில் இறக்கிறார்கள். இறப்புச் சான்றிதழில் ஒருவருக்கு மாரடைப்பு என்றும், இன்னொருவருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு என்றும், மற்றொருவருக்கு வயோதிகம் என்றும் எழுதுகிறார்கள். எழுதியதில் பொய் இல்லை. இதயம் நின்றது உண்மைதான். ஏன் அன்றைக்கு நின்றது என்ற கேள்விக்குத்தான் அந்தக் காகிதத்தில் இடமில்லை.

அதனால்தான் ஆய்வாளர்கள் சான்றிதழில் எழுதியிருக்கும் காரணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மொத்த எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். வழக்கமான மே மாதத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த மே மாதத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான் வெயிலின் கணக்கு. காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தினரும் அவர்களோடு சேர்ந்த அயல்நாட்டு ஆய்வாளர்களும் மாநகராட்சிப் பதிவேடுகளைப் புரட்டி இப்படிக் கணக்கிட்ட பிறகுதான் 1,344 என்ற எண்ணே வெளியே தெரிந்தது. அது 43 சதவீத உயர்வு.

அந்த 1,344 பேரும் யார்? நகரம் முழுவதும் ஒரே வெயில்தானே அடித்தது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் வெப்ப அலை என்பது வானிலைச் சங்கதி மட்டுமல்ல என்பது விளங்கும். வெயில் வானத்திலிருந்து வருகிறது. சாவைத் தீர்மானிப்பவை கூரையும் வேலையும் அக்கம்பக்கமும்தான்.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி

மனித உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்புகூட ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. செங்கல் சுமப்பவருக்கு அது 300, 400 வாட் வரை போகும். இவ்வளவும் வெளியேறியாக வேண்டும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தானாகவே வெளியே போகும். காற்று அந்த அளவைத் தாண்டிவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். காற்றிலிருந்து உடம்புக்குள் வெப்பம் ஏறத் தொடங்கும். அப்போது மிஞ்சும் ஒரே வழி வியர்வை.

மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே விதிப்படிதான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். ஆனால் அது ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டும் வியர்வையால் பயனில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை தோலிலேயே நிற்கும். உடம்பு நீரையும் உப்பையும் இழந்துகொண்டே இருக்கும், குளிர்ச்சி மட்டும் கிடைக்காது.

வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. தெர்மாமீட்டரின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வை அந்தக் காற்றில் நம்மை எவ்வளவு தூரம் குளிர்விக்க முடியும் என்பதன் எல்லை அதுதான். 2010இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹியூபர் என்ற இரு அறிவியலாளர்கள், ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்பும் சில மணி நேரத்தில் தாங்காது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வெப்ப அறையில் வைத்துச் சோதித்தபோது, நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கே அந்த எல்லை 31 டிகிரிக்கு அருகில் வந்துவிடுவது தெரிந்தது. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் எல்லை இன்னும் கீழே.

எல்லை மீறினால் என்ன நடக்கிறது? தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பி வெப்பத்தை வெளியேற்ற இதயம் வேகமாகத் துடிக்கிறது. பலவீனமான இதயம் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடலாம். தோலுக்குப் போகும் ரத்தம் கூடக் கூடக் குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. குடலின் உட்சுவர் பழுதாகி, அங்கிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்தில் கலக்கிறது. உடம்பு முழுவதும் அழற்சி பரவுகிறது. ரத்தம் ஆங்காங்கே உறைகிறது. சிறுநீரகம் செயலிழக்கிறது. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, நினைவு தப்பும். இதுதான் ஹீட் ஸ்ட்ரோக். வெயிலில் நின்றால்தான் வரும் என்பதில்லை, வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கும் வரும்.

குளிராத இரவு

வானிலை நிலையம் சொல்லும் எண் நிழலில் எடுக்கப்படுவது. காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரைக்கு ஓராள் நெஞ்சுயரத்தில் வைத்த தெர்மாமீட்டர் காட்டும் எண் அது. அந்தப் பெட்டிக்குள் யாரும் வாழ்வதில்லை. பெட்டிக்குள் 44 டிகிரி இருக்கும்போது தார்ச்சாலையிலும் தகரக்கூரையின் கீழும் இருக்கும் வெப்பம் வேறு.

பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பத்தைப் பற்றித்தான் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். பகலெல்லாம் பாடுபட்ட இதயத்துக்கு இரவில்தான் ஓய்வு. நகரத்தில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. கான்கிரீட்டும் தாரும் செங்கல்லும் பகலில் குடித்த வெயிலை விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கின்றன. ஆவியாகிக் குளிர்விக்க மரமும் ஈரமண்ணும் குறைவு. வாகனங்களும் ஏ.சி. இயந்திரங்களும் தம் பங்குக்கு வெப்பத்தைத் தெருவில் கொட்டுகின்றன. நகரத்து இரவு சுற்றுப்புறக் கிராமத்து இரவைவிடச் சில டிகிரி அதிகச் சூடாக இருப்பதற்குக் காரணம் இவைதாம். ஒரு நாள் வெயிலை உடம்பு பொறுத்துக்கொள்ளும். மூன்று, நான்கு இரவுகள் குளிராமல் போனால் சாவு எண்ணிக்கை ஏறத் தொடங்குகிறது.

மேல்தளத்தில் இருந்த பிரசவ வார்டு

கூரை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அகமதாபாத்திலேயே ஒரு சான்று கிடைத்தது. மாநகராட்சி நடத்தும் ஷார்தாபென் மருத்துவமனையில் பிரசவ வார்டு கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. ஏ.சி. வசதி இல்லை. மொட்டைமாடியில் விழும் வெயில் முழுவதும் அந்த அறைக்குள்தான் இறங்கும். 2010 கோடையில், பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் உடல் சூடேறித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

பச்சிளங்குழந்தைக்கு எடையை ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம். சுற்றியுள்ள வெப்பம் சட்டென்று உள்ளே ஏறும். தாகம் என்று சொல்லவும் தெரியாது. மருத்துவர்கள் சில ஆண்டுப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வெப்பநிலை 42 டிகிரியைத் தாண்டியபின் ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும், வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 43 சதவீதம் உயர்ந்திருந்தது.

2010 கோடைக்குப் பிறகு பிரசவ வார்டு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது. கட்டில்களையும் தொட்டில்களையும் கீழே இறக்கியதுதான் நடந்த மாற்றம். அதன்பின் வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை 64 சதவீதம் குறைந்தது என்று 2014இல் வெளியான அவர்களது ஆய்வு சொல்கிறது. வெளியே வெயில் குறையவில்லை. அதே நகரம், அதே கட்டடம். மாறியது தளம் மட்டுமே.

இதை வைத்து நம் குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு வாடகைக்கு விடும் ஒற்றை அறைகளில் இருப்பவர்கள் யார்? குறைந்த வாடகைதான் கொடுக்க முடியும் என்பவர்கள். நகரத்தின் கடுமையான வெயில் அவர்கள் தலைக்கு மேல்தான் இறங்குகிறது.

கூலியும் வெயிலும்

மதியம் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் அறிவிப்பு வருகிறது. நல்ல அறிவுரைதான். மாதச் சம்பளக்காரர் அதைக் கடைப்பிடிக்கலாம். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அந்த மூன்று மணி நேரம் கால்வாசிக் கூலி. தள்ளுவண்டியில் காய் விற்பவர் கடையைக் கட்டினால் மாலைக்குள் கீரை வாடிவிடும்.

வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் தேவை. அந்த நாட்களில் ரத்தத்தின் நீர் அளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. இதனால்தான் பருவத்தின் முதல் வெப்ப அலை மிகவும் ஆபத்தானது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கும், விடுப்பு முடிந்து ஊரிலிருந்து திரும்பியவருக்கும் முதல் வாரமே ஆபத்தான வாரம். முழுநாள் வேலையை முதல் நாளே ஏற்றாமல் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பது மேஸ்திரிகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

அகமதாபாத்தில் 1972இல் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு, முறைசாரா வேலைகளில் இருக்கும் பெண்களின் தொழிற்சங்கம். அண்மைக் காலமாக அது வெயிலுக்குக் காப்பீடு செய்து பார்த்து வருகிறது. குறித்த அளவைத் தாண்டி வெப்பம் சில நாள் நீடித்தால் உறுப்பினரின் கணக்கில் பணம் வந்துவிடும். நோய் வந்ததென்று சான்று காட்ட வேண்டியதில்லை. 2024 கோடையில் இதில் இருந்த 50,000 பெண்களில் பெரும்பாலோருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ஆளுக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய்தான். ஆனாலும் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது என்ற நெருக்கடியை அது ஒரு நாளுக்காவது தள்ளிவைக்கிறது.

அடுத்தடுத்த இரண்டு பேட்டைகள்

ஏழ்மை மட்டும்தான் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. 1995 ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரை ஈரப்பதம் மிகுந்த வெப்ப அலை தாக்கியது. ஜூலை 13 அன்று வெப்பநிலை 41 டிகிரி. சில நாட்களில் 739 பேர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தார்கள். சவக்கிடங்கில் இடமில்லாமல் குளிர்பதன லாரிகளைக் கொண்டுவந்து உடல்களை வைத்தார்கள்.

எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் இறந்தவர்கள் எங்கே இறந்தார்கள் என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என்ற இரண்டு பேட்டைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் ஏழைகள் உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் உண்டு. வடக்கில் லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கில் அதில் பத்தில் ஒரு பங்குதான். தெற்கில் கடைவீதி உயிரோட்டமாக இருந்தது, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் பயமின்றி வெளியே வந்து குளிர்ந்த கடைக்குள் நின்றார்கள். வடக்கில் கடைகள் மூடப்பட்டு, வீடுகள் பாழடைந்து, தெருவில் இறங்கவே பயம் என்ற நிலை. முதியவர்கள் ஜன்னலையும் கதவையும் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்து இறந்தார்கள். அந்த வெப்ப அலை பற்றிய மருத்துவ ஆய்வும் இதையே சொன்னது. தனியாக வாழ்பவர்களுக்கும் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

எட்டிப் பார்க்க ஒருவர் இருந்தால் உயிர் பிழைக்கிறது. இது அறம் சார்ந்த அறிவுரை மட்டுமல்ல, சாவுக் கணக்கிலேயே தெரியும் உண்மை.

திட்டம் போட்டால் என்ன ஆகும்?

அகமதாபாத் மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் இதுவே முதல். 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45 என்றால் சிவப்பு என எச்சரிக்கை நிலைகளை வகுத்தார்கள். இந்த எல்லைகள் அந்த நகரத்தின் இறப்புப் பதிவேட்டை வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. எச்சரிக்கை வந்ததும் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டது. மருத்துவமனைகளில் பனிக்கட்டிப் பைகள் தயாராகும், தண்ணீர்ப் பந்தல்கள் திறக்கும், ஹீட் ஸ்ட்ரோக்கை அடையாளம் காண மருத்துவர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி நடக்கும். பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசும் வேலையும் சேர்ந்தது. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே சில டிகிரி குறையும்.

திட்டத்துக்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளை ஒப்பிட்டு 2018இல் வந்த ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 சாவுகள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டது. இந்த மதிப்பீட்டில் மேலும் கீழும் பெரிய இடைவெளி உண்டு என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் திசையில் சந்தேகமில்லை.

இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய திட்டங்களை வைத்திருக்கின்றன. தில்லியிலுள்ள கொள்கை ஆய்வு மையம் 2023இல் இப்படிப்பட்ட 37 திட்டங்களைப் படித்துப் பார்த்தது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று முறையாகக் கணக்கெடுத்திருந்தவை இரண்டே. பெரும்பாலானவற்றில் பணம் எங்கிருந்து வரும் என்ற விவரமே இல்லை. யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாத திட்டம் அலமாரியில் இருக்கும் காகிதமே.

நம் ஊர் வெயில்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37 டிகிரியையும் எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால் அது வெப்ப அலை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் இந்த எல்லையைத் தொடாமலேயே உடம்பு தவிக்கும் நாட்கள் நிறைய உண்டு. கடற்காற்று நேரத்துக்கு வராத கத்திரி நாளில் 38 டிகிரியும் ஈரமும் சேர்ந்தால், வறண்ட ராஜஸ்தானின் 43 டிகிரியைவிட உடம்பு அதிகம் பாடுபடலாம். ஆகவே நமக்கான எச்சரிக்கை, ஈரத்தையும் இரவு வெப்பத்தையும் கணக்கில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

உடலுழைப்பில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு என்ன நேர்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் வயல், செங்கல்சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் உட்பட 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்காக இருந்தது என்று 2024இல் வெளியிட்டார்கள். அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டவை நிழல், தண்ணீர், ஓய்வு, கழிப்பறை. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே வேலை செய்கிறார்கள். வெயிலில் அதைவிட ஆபத்து வேறில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் சாவு வெயிலால்தான் நேர்ந்தது என்று உறுதிப்பட்டால்தான் பணம். சான்றிதழில் மாரடைப்பு என்று மட்டும் எழுதப்பட்டால் அந்தக் குடும்பம் வெறுங்கையோடு நிற்கும். இறப்பை எண்ணும் முறையைத் திருத்துவதும் நிவாரணத்தின் பகுதிதான்.

புவி சூடாவதால் இந்த நாட்கள் கூடப்போகின்றன. 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலைக்கான வாய்ப்பு, மனிதச் செயல்களால் 30 மடங்கு கூடியிருந்ததாக உலக வானிலைக் காரணி ஆய்வுக் குழு கணக்கிட்டது. கரியமில வாயுவைக் குறைப்பது உலகத்தின் வேலை. கூரையும் நிழலும் அக்கம்பக்கமும் நம் வேலை.

அந்த வேலையில் சில இன்றைக்கே செய்யக்கூடியவை. வெயில் நாளில் ஒருவர் குழறிப் பேசினால், தள்ளாடினால், தோல் கொதித்தால் காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குளிலும் கழுத்திலும் பனிக்கட்டி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்று 40 டிகிரியைத் தாண்டும்போது மின்விசிறி மட்டும் போதாது, அது சூட்டையே வீசும். ஈரத்துணியும் சேர வேண்டும். ரத்தக்கொதிப்புக்கும் மனநலத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் உடம்பின் நீரையோ வியர்வையையோ குறைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் யார், மொட்டைமாடித் தகரத்தின் கீழ் குழந்தையோடு இருப்பவர் யார் என்று பங்குனி முடிவதற்குள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடும் வெயில் நாட்களில் மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை கதவைத் தட்டிப் பாருங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் ஊருக்கு வெப்பச் செயல்திட்டம் இருக்கிறதா? அதில் நம் வார்டில் யார் யார் பெயர் இருக்கிறது? அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? பதில் கிடைக்கும்வரை விடாதீர்கள்.